உறவினர் அல்லாத இருவர்

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “எக்ஸ்பீரியன்ஸ் இன்னாக்கா போடட்டும்?” என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பதில் தெரியாத கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். கணக்கு டீச்சர் எழுப்பிவிட்டால் அவரை முறைத்துக்கொண்டு நிற்பேன். விடை அவரிடம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்னை ஏன் கேட்கிறார் என்று தோன்றும்.

“எதுனா போடு” என்றேன்.

“எதுனான்னா எப்டிக்கா? கம்பெனி பேர் சொல்லு. எத்தினி வருசம் பாத்தே, அத்த சொல்லு.”

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஸ்டோர்ஸ் அசிஸ்டன்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் மகனுடைய பள்ளி அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் வந்திருந்தது. லேபுக்கு வேண்டிய சாமான்களை எடுத்துக் கொடுக்க வேண்டும், திரும்பி வந்ததைச் சரிபார்த்து வைக்க வேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பன்னிரண்டாவது தேறியிருந்தால் போதும். அதைப் படித்ததும் இந்த வேலை எனக்குத்தான் என்று தோன்றிவிட்டது. என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். அங்கே ஆர்டர் குறைந்துபோய், ஒரு வாரம் வேலை இருந்தால் அடுத்த வாரம் வீட்டில் உட்கார்ந்து ஃபேனைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு இன்னொரு சம்பளம் கட்டாயம் வேண்டும். அது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. உறவுக்காரர் யாரும் தராத ஒரு வேலை எனக்கு வேண்டும்.

நாங்கள் அண்ணனூருக்குப் பக்கத்துப் பழைய ஊர்க்காரர்கள். பரம்பரையாகப் பயிர் வைத்தவர்கள். இப்போது பயிர் வைத்த இடத்தில் எல்லாம் மாடி வீடுகள். ஊரில் யாருக்கும் வேலை தேடிப் பழக்கமில்லை. ஒருவர் தண்ணீர் கேன் ஏஜென்சி எடுத்தால் பத்துப் பேர் அதில் தொற்றிக்கொள்வார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். என் சித்தப்பாவின் தண்ணீர் கேன் வியாபாரத்தில் காலையிலிருந்து மதியம் வரை போன் எடுப்பது நான், எந்தத் தெருவுக்கு எத்தனை கேன் என்று எழுதுவது நான், காலி கேன் திரும்பி வரவில்லை என்றால் வீட்டுக்காரர்களிடம் சண்டை போடுவதும் நான். பல வருடம் செய்தேன். பொங்கலுக்கு ஒரு புடவை வரும். சம்பளம் என்று ஒருமுறை வாயைத் திறந்தேன். சித்தப்பா சிரித்துவிட்டு, “இன்னாம்மே, நம்ம ஊட்டு வேலைக்கு சம்பளம் கேக்கறே?” என்றார்.

இதை ரெஸ்யூமில் எப்படிப் போடுவது? போட்டால் சான்றிதழ் கேட்பார்கள். சித்தப்பாவிடம் கேட்டதற்கு, “எம் பொண்ணுக்கு நானே சர்ட்டிபிகேட் எயுதித் தரணுமா, அசிங்கமா கீது. போன் நம்பரக் குடு, நான் பேசிக்கறேன்” என்றார். அவர் பேசினால் கல்லூரிக்காரர்கள் தண்ணீர் கேன் வாங்க வேண்டியதாகிவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சில மாதம் போனேன். காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. அதைச் சொன்னேன். கடைப்பெண் தட்டிக்கொண்டே, “அப்புறம்?” என்றாள். அப்புறம் ஒன்றும் இல்லை. வெள்ளைத் தாளில் அந்த ஒரு வரி தனியாக நின்றது.

“படிப்பு?”

அதுவும் சிக்கல்தான். தபால் வழியில் பி.காம் சேர்ந்தேன். சில பேப்பர் தேறினேன், சிலது பாக்கி. மகன் பிறந்தான், புத்தகங்கள் பரணுக்குப் போயின. படித்தேன் என்றும் சொல்ல முடியாது, படிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. “படிச்சிகினு கீறேன்னு போட்ரலாமாக்கா?” என்று கேட்டாள். நான் படித்துக்கொண்டா இருக்கிறேன்? பரணில் எலி வேண்டுமானால் படித்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டாவதோடு நிறுத்தச் சொன்னேன். பிறகு மனசு கேட்காமல் தேறிய பேப்பர்களை மட்டும் போடச் சொன்னேன். பிறகு அது அரைகுறை என்பதை நானே விளம்பரப்படுத்துவது போலத் தெரிந்தது, எடுக்கச் சொன்னேன். மூன்றாவது முறை மாற்றச் சொன்னபோதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெறுமையை அவளே நிரப்பத் தொடங்கினாள். அவளிடம் தயார் வாக்கியங்கள் இருந்தன. சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவதே என் லட்சியம் என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி. குழுவாக இயங்குவேன், தலைமை தாங்குவேன், எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன் என்று கீழே வரிசையாக. இதெல்லாம் யாரைப் பற்றி என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் இதான்க்கா போடறோம்.”

தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று சொன்னேன். தெலுங்கு? எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு குடும்பம் சண்டை போட்டுப் போட்டு எனக்குத் தெலுங்கில் திட்டுவது நன்றாகப் புரியும். பதில் திட்டவும் வரும். அதைப் போடலாமா என்று கேட்டேன். அவள் போட்டுவிட்டாள். இப்போது தாள் நிறைந்திருந்தது. மேலிருந்து கீழ்வரை படித்தேன். அதில் இருப்பவள் நல்ல கெட்டிக்காரியாகத் தெரிந்தாள். எனக்கு அவளைப் பழக்கமில்லை.

“கடேசி ஒன்னு கீதுக்கா” என்றாள். கல்லூரியே அனுப்பியிருந்த மாதிரித் தாளில் கடைசியாக ஒரு கட்டம். உங்களை நன்கு அறிந்த, உங்களுக்கு உறவினர் அல்லாத இருவரின் பெயர், தொழில், தொலைபேசி எண்.

“இது சுளுவு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் பெயர்களைச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் ஆகியும் ஒரு பெயர்கூட அகப்படவில்லை. நான் கட்டிக்கொண்டது என் சொந்த மாமன் மகனை. பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே தெருவில், நடுவில் ஒரு பிள்ளையார் கோயில். என் பக்கத்து உறவெல்லாம் அவர் பக்கத்துக்கும் உறவு. ரேஷன் கடைக்காரர் என் பெரியம்மாவின் மருமகன். கேஸ் சிலிண்டர் போடுபவர் ஒன்றுவிட்ட அண்ணன். என் மகனுடைய பழைய டீச்சரைப் போடலாம் என்று நினைத்தேன், போன வருடம்தான் அவரை என் கொழுந்தனாருக்குக் கட்டி வைத்தோம். என்னை நன்கு அறிந்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வழியில் மாமா, அத்தை, அண்ணி. உறவு இல்லாதவர்கள் என்றால் புதிதாக வீடு கட்டி வந்தவர்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது, கார் வந்தால் கதவு திறக்கும், மூடும்.

பால் பூத் வைத்திருக்கும் அக்கா நினைவுக்கு வந்தார். உறவுதான், ஆனால் எந்த வழியில் என்று எனக்கே சரியாகத் தெரியாது. அவ்வளவு தூரம் போனால் உறவு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்தானே? மறுநாள் பால் வாங்கும்போது பக்குவமாக விஷயத்தைச் சொன்னேன்.

அவர் பால் பாக்கெட்டைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டுவிட்டார். “உறவு இல்லேன்னு எயுதறதுக்கு எம் பேர்தான் கெடச்சுதா ஒனக்கு? உங் கல்யாணத்துக்கு மொத சீர்த் தட்டு எடுத்தவ யாரு? நானு. போய்க் கேளு உங்கம்மாவ!”

“இல்லக்கா, வேலைக்கு...”

“இன்னா பெரிய வேலை. மனுசாள வேணாம்னு எயுதிக் குடுத்து வாங்கற வேலை!”

நான் பால் வாங்காமல் திரும்பினேன். நான் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. என் மாமியார், அதாவது எனக்கு மாமியும் அவர்தான், வாசலிலேயே நின்றார். “எங்கள எல்லாம் உறவே இல்லேன்னு காலேஜ்ல எயுதிக் குடுக்கப் போறியாமே? இன்னாத்துக்குடீ? சொத்து விசயமா?”

நான் விளக்கினேன். விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் அதிகமானது. எழுதிக் கொடுப்பது என்றாலே எங்கள் ஊரில் நிலம்தான். கையெழுத்துப் போட்டு நிலத்தை விட்ட ஊர் அது. ஒரு தாளில் யார் உறவு, யார் உறவில்லை என்று கேட்கிறார்கள் என்றால் வேறு எதற்காக இருக்கும்? இரண்டு நாள் என்னிடம் யாரும் நேராகப் பேசவில்லை. என் கணவர் மட்டும் ஃபேனைத் துடைத்துக்கொண்டே, “யாரையாச்சும் போடேன், அவங்க எங்க போன் பண்ணப் போறாங்க” என்றார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துவிடலாம் போல இருந்தது. வேலைக்குப் போகத்தான் தகுதி வேண்டும் என்று நினைத்திருந்தேன். விண்ணப்பம் போடவே எனக்குத் தகுதி இல்லை என்று யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம்.

ஒயர் கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசராக இருந்த மேடத்தைத் தேடிக் கொரட்டூர் போனேன். கூட வேலை பார்த்த ஒருத்தி, அவளும் எனக்கு அத்தை மகள்தான், வழி சொன்னாள். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தார். கதவைத் திறந்ததும், “அட, நீயா! வா வா” என்றார். எனக்கு உயிர் வந்தது. காபி கொடுத்தார். உங்க அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். என் அம்மாவுக்குக் காலில் ஒன்றும் இல்லை. திருச்சூருக்கு அடிக்கடி போகிறாயா என்று கேட்டார். நான் திருவள்ளூரைத் தாண்டியதில்லை. அவர் யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று புரிந்தபோது காபி பாதிதான் குடித்திருந்தேன்.

“மேடம், நான் அவங்க இல்ல. நான் அண்ணனூர்.”

“தெரியும்மா, தெரியும். தாராளமா என் நம்பரைப் போட்டுக்கோ” என்றார் சிரித்துக்கொண்டே.

ஆக, ஒரு பெயர் கிடைத்தது. எனக்கு அவர் எந்த விதத்திலும் உறவில்லை. அவருக்கு என்னை நினைவும் இல்லை.

அடுத்தது யார் என்று யோசித்துக்கொண்டே தெருவுக்குள் நுழையும்போது எதிர்வீட்டு அங்கிள் தன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். இவரை எப்படி மறந்தேன்?

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, எங்கள் நிலத்தைப் பிரித்து மனை போட்டபோது ஒன்றை வாங்கி எதிரிலேயே வீடு கட்டி வந்தார். ஊர் வேறு, சாதி வேறு, பேச்சே வேறு. அவர் வீட்டு ஆன்ட்டி அனுப்பும் தேங்காய்ப்பால் சொதியை என் மாமியார் இன்னும் சந்தேகத்தோடுதான் முகர்ந்து பார்ப்பார். நான் அவரை அங்கிள் என்பேன். என் மகன் மாமா என்பான். எங்கள் தெருவிலேயே என்னை நன்கு அறிந்த, எனக்கு உறவினர் அல்லாத ஒரே மனிதர்.

விஷயத்தைச் சொன்னதும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கவனமாகக் கேட்டார். “போட்டுக்கோம்மா. இதுக்கு என்னத்துக்குக் கேட்டுக்கிட்டு?”

“போன் பண்ணினாலும் பண்ணுவாங்க அங்கிள். உறவான்னு கேட்டா இல்லேன்னு சொல்லிடுங்க.”

“சொல்லுதேன்.”

“மறந்துடாதீங்க.”

“அதான் சொல்லுதேன்னு சொல்லுதேன்லா” என்றார்.

ஜெராக்ஸ் கடைப்பெண் இரண்டு பெயர்களையும் அடித்தாள். அனுப்பினேன். கூப்பிட்டார்கள். வேலப்பன்சாவடிக்கு ஷேர் ஆட்டோவில் அயப்பாக்கம், திருவேற்காடு என்று மாறி மாறிப் போனேன். அலுவலகத்தில் ஒரு மேடம். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் நான்தான் எழுந்து நின்றேன். என் ரெஸ்யூமில் இருந்த கெட்டிக்காரியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரே நாளில் இரண்டு லேப் ஒரே கருவியைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்றார். காலி கேனுக்குப் போட்ட சண்டையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. முந்தின தடவை எடுத்ததை யார் திருப்பிக் கொடுக்கவில்லையோ அவருக்கு இல்லை என்றேன். அவர் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

சில நாள் கழித்து அவரே போன் செய்தார். நாளைக்கு ஒருமுறை வர முடியுமா, ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும் என்றார்.

போனேன். என் தாள் அவர் மேஜையில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் பென்சிலால் ஒரு வட்டம்.

“கொரட்டூர் மேடம்கிட்டப் பேசினேன். உங்களை அவ்வளவு புகழ்றாங்க. நைட் ஷிஃப்டுக்குக்கூட லீவே போட மாட்டீங்களாம். ஓணத்துக்கு எல்லாருக்கும் பாயசம் கொண்டு வருவீங்களாம்.”

பாயசம் கொண்டு வந்தவள் நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் விரல் வட்டத்துக்குப் போய்விட்டது.

“இவர்தான் குழப்பம். இவங்க உங்களுக்கு உறவான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. லைன் கட் ஆயிடுச்சோன்னு ஹலோ ஹலோன்னேன். அப்புறம் சொல்றார், அவ பையனுக்கு நான்தாம்மா தாய்மாமன்னு.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “தாய்மாமன்னா உங்க கூடப்பிறந்தவர். கூடப்பிறந்த அண்ணனைப் போயி உறவு இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?”

அப்போதுதான் அந்தக் காதுகுத்து நினைவுக்கு வந்தது.

என் மகனுக்குக் காது குத்தியது ஏரிக்கரை அம்மன் கோயிலில். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. பெரியப்பா மகன் ஒருவன், சித்தப்பா மகன் ஒருவன். இருவருக்கும் மனைத் தகராறு. ஒருவன் உட்கார்ந்தால் இன்னொருவன் தன் ஆட்களோடு சாப்பிடாமல் எழுந்து போய்விடுவான். ஒருவரும் உட்காராமல் மணை காலியாகக் கிடக்கிறது. பத்தர் ஊசியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மொட்டை போட்ட தலையில் சந்தனத்தோடு பிள்ளை வீரிட்டு அழுகிறான். என் அப்பா இரு பக்கமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அப்போது விருந்துக்கு வந்திருந்த எதிர்வீட்டு அங்கிள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, வேட்டியை மடித்துவிட்டு, மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “பிள்ளையக் கொடும்மா” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. பரிசாகக் கொடுக்க அவர் வாங்கி வந்திருந்த சட்டைதான் மாமன் சீரானது. ஊசி குத்தியபோது பிள்ளை அவர் கட்டை விரலைக் கடித்துவிட்டான்.

அது ஒரு இக்கட்டில் நடந்தது, நடந்து முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மகன் மாமா என்று கூப்பிடுவது பழக்கத்தில் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் எதிர்வீட்டிலிருந்து கரும்பும் மஞ்சள் கொத்தும் வரும். ஆன்ட்டி நல்ல மாதிரி, அதனால் கொடுக்கிறார் என்று நினைத்திருந்தேன். அண்ணன்மார் தங்கை வீட்டுக்கு அனுப்புகிற பொங்கல் சீர் அது என்று இத்தனை வருடமாக எனக்கு ஏன் தோன்றவில்லை?

எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னேன். உளறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பத்தர், மனைத் தகராறு, கட்டை விரல். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்குப் புரியுதுங்க. ஆனா ஃபைல்ல அவர் உறவுன்னு சொன்னதா நான் குறிச்சிருக்கேன். தப்பான தகவல் குடுத்தா எடுக்கக் கூடாதுன்னு ரூல். வேற ஒருத்தர் பேரு குடுங்களேன்?”

வேறு ஒருத்தர்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வேறு ஒருத்தர் இருந்தால் நான் ஏன் கொரட்டூர் ஏரி வரை போகிறேன்? யாரும் இல்லை என்றேன்.

“அப்போ அவரே சொல்லட்டும். இப்பவே கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார் மேடம்.

கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். “என்னம்மா, கெடச்சுட்டா?” அந்தக் குரலில் இருந்த ஆசை அந்த அறை முழுக்கக் கேட்டது.

“அங்கிள், நான் காலேஜ்லேர்ந்து பேசறேன். மேடம் பக்கத்துல இருக்காங்க. நீங்க எனக்கு உறவுன்னு சொன்னீங்களாமே. அதனால வேலை நின்னு போயிருக்கு.” கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. என் கோபம் அப்படி.

“நான் இல்லேன்னுதாம்மா சொல்ல இருந்தேன். கேட்ட உடனே வாய் வரல” என்றார்.

மேடம் குனிந்து, “சார், நான்தான் நேத்துப் பேசினது. இவங்க உங்களுக்கு உறவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

“இல்லம்மா” என்றார். “ஒரு உறவும் கிடையாது. நான் வேற ஊரு. அன்னைக்குக் கோயில்ல ஆளில்லாம நின்னாங்க, சும்மா உக்காந்தேன். அத வச்சுச் சொல்லிப்புட்டேன். வயசாயிட்டுலா, நீங்க அதப் பெருசா எடுத்துக்கிடாதீங்க. எதிர்த்த வீடு. அவ்வளவுதான்.”

“தேங்க்ஸ் சார்” என்று மேடம் பென்சில் வட்டத்தை அழித்தார். ரப்பர் துகள்களை ஊதினார். அடுத்த திங்களிலிருந்து வரலாம் என்றார். பாயசத்தைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கைகூப்பிவிட்டு வெளியே வந்தேன்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. யார் வீட்டுப் பெண் என்று கேட்காமல் என்னை எடுத்துக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் திருவேற்காடு தாண்டும்வரை எனக்கு அழுகைதான் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள். வேலை கிடைத்திருக்கிறது என்றேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே விளங்கவில்லை. ஊர் முழுக்க நீ எங்கள் உறவு என்று சொல்லிச் சொல்லி என்னைச் சும்மா வேலை வாங்கியது. சொல்லாதீர்கள் என்று கேட்டும் ஒருவர் சொன்னார், அவர் வாயாலேயே இல்லை என்று சொல்ல வைத்துவிட்டு வருகிறேன்.

தெருவுக்குள் நுழைந்தபோது அவர் ஸ்கூட்டர் துடைக்கும் துணியோடு கேட் அருகில் நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நின்றார் என்று தெரிந்தது. கிடைத்துவிட்டது என்றேன். “நல்லதும்மா, நல்லது” என்றார். முகம் நிஜமாகவே மலர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“இனிமே யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணுமாம்மா? இல்ல, அந்தக் காலேசுக்கு மட்டும் சொன்னாப் போதுமா?”

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மறுபடி போன் வந்து, மறுபடி தான் கெடுத்துவிடக் கூடாதே என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு வாசலிலிருந்து என் மகன், “மாமா! சைக்கிள் செயின் மறுபடி கயண்டுகிச்சு, வா!” என்று கத்தினான். எப்போதும் அவன் கூப்பிட்ட குரலுக்கு, “வருதேன் மருமவனே” என்று பதில் வரும். அன்று வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். போகட்டுமா என்று கேட்பது போல.

எனக்குக் கோபம் வந்தது.

“என்னை இன்னாத்துக்குப் பாக்கறீங்க? அவன் உங்களத்தானே கூப்பிடறான், போங்க!” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறினார்.